முத்து ஐயர் தண்ணீர்

கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில், பழைய ரப்பர் கிடங்கைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் 'பன்னிரண்டு கதவு' வரும். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். எண்ணிப் பார்த்தால் கதவு ஒன்பதுதான். மிச்சம் மூன்று வீட்டில் சாக்குத்தான் தொங்கும். ஆனாலும் பேர் என்று ஒன்று வைத்த பிறகு அதில் குறைக்கக் கூடாது அல்லவா?

அங்கே ஒரே ஒரு கிணறு. கடல் மூன்று மைல் தள்ளி இருந்தாலும் மண்ணுக்கடியில் இரண்டுக்கும் என்ன தொடுப்போ, தண்ணீர் உப்புக் கரித்தது. சோப்பு நுரைக்காது. பருப்பு மசியாது. கேத்தலுக்குள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படை கட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுந்து போனது ஏழாம் கதவில் இரண்டு தடவை நடந்தது. யார் வீடு என்று இங்கே எழுதுவானேன், ஏழாம் கதவு என்றால் தெரியாதா!

ஐந்தாம் கதவு நாகையாவுக்குத் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிற வேலை. அவர் மனைவி பவுனம்மாளுக்கு எழுபத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழித்துச் சிறுநீரகத்தில் கல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். கல்லை எடுத்த சீன டாக்டர் சின்ன வயசுக்காரர். நாகையாவைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீரை மாற்றச் சொன்னார். அடுத்த கல் வந்தால் கல்லோடு ஒரு கிட்னியும் போய்விடும் என்று, விரலை ஒன்று இரண்டு என்று நீட்டி, ஒன்றை மடக்கிக் காட்டினார்.

தண்ணீரை மாற்றுவது சுலபமான காரியமா? அரசாங்கத்து பைப் அரை மைல் தூரத்தில், சீனன் மளிகைக் கடை வாசலோடு நின்றுவிட்டது. அதை இழுத்துக் கொடுக்க நகராட்சி தயார்தான். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து கிடக்கிற உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கரைந்த திடப்பொருள்' என்று பெயர். கிணற்றில் அது ஆயிரத்துக்கு மேல் இருப்பதாக கோலாலம்பூர் ஆபீஸ் மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தால் மறு மாதமே பைப். ஆயிரத்துக்குக் கீழே என்றால் கிணறே போதும்.

நாகையா மனுப் போட்டார். நான்கு மாதம் கழித்து மலாயில் ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் பன்னிரண்டு கதவுக்கு பக்கிரிசாமிதான். முடி வெட்டுகிறவர், மலாய்க்கு ரூமி என்கிற ரோமன் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அர்த்தம் தெரியாத இடத்தில் இருமுவார். அன்றைக்கு அவர் இருமவே இல்லை.

"அடடே! நம்ம ஆளுடா நாகையா!"

"யாருண்ணே?"

"பெகாவாய் முத்து ஐயர்னு போட்டிருக்கான் பாரு. பெகாவாய்ன்னா ஆபீசர். ஆபீசர் முத்து ஐயர்! ஒரு போத்தல்ல தண்ணி எடுத்தாந்து அவருகிட்டக் கொடுக்கணுமாம்."

"ஐயருங்களா?" பவுனம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப சுத்தபத்தம் தெரிஞ்சவரு. நம்ம தண்ணிய வாயில வச்ச ஒடனே துப்பிடுவாரு. பைப்பு வந்தாச்சு போங்க."

போத்தலை அவளே சாம்பல் போட்டு விளக்கினாள். ஆரஞ்சு சர்பத் போத்தல். கிணற்றில் மொண்டு நிரப்பி, கட்டையால் அடைத்து, சிந்தாமல் இருக்க மஞ்சள் துணியில் ஒரு முடிச்சும் போட்டாள். பக்கிரிசாமி ஒரு தாளில், கடிதத்துத் தலைப்பைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பெரிய ரூமி எழுத்தில் அந்தப் பெயரை வரைந்து, சோற்றுப் பசையால் போத்தலில் ஒட்டினார். ஐயரைப் பார்க்கப் போகிறோம், வெறும் கையோடு போகலாமா என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் சேர்ந்தது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடைக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியூன் வேலாயுதத்திடம் நாகையா பயபக்தியோடு கேட்டார்.

"அண்ணே, முத்து ஐயரப் பார்க்கணும்."

"எந்த முத்து ஐயரு?"

நாகையா கடிதத்தை நீட்டினார். வேலாயுதம் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் உள்ளே இரண்டு டைப்ரைட்டர் நின்றுவிட்டது.

"அண்ணே, இது ஆளு பேரு இல்லண்ணே. 'மூத்து'ன்னா மலாயில தரம். 'ஆயர்'ன்னா தண்ணி. தண்ணித் தரம் பார்க்கிற ஆபீசருன்னு போட்டிருக்கு. மலாய் எழுத்த மாத்தி ஆறு வருசம் ஆச்சு, இப்ப தண்ணிக்கு வேற எழுத்து, நம்ம ஆபீஸ்ல பழைய லெட்டர்ஹெட் தீரலலா, அதான் ஐயரு இன்னும் இருக்காரு."

முத்து ஐயர் இல்லை என்று ஆன பிறகும் வாழைப்பழச் சீப்பை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆபீசர் சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை, பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து, பிரிக்பீல்ட்ஸிலேயே படித்து, இருபத்தேழு வருஷ சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். அதற்குள் ஒரு பிசகும் நடக்காமல் பார்த்துக்கொள்ள அவர் கண்டுபிடித்திருந்த வழி, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. மேசையின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீட்டர் இருந்தது. கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு முள், வாலாக ஓர் ஒயர், ஒயரின் நுனியில் தண்ணீரில் முக்குகிற குச்சி.

"இதுல அளந்துடலாங்களா சார்?" என்று நாகையா போத்தலை நீட்டினார்.

"ஐசே, அவசரப்படாதையுங்கோ." சண்முகரத்தினம் இரண்டு கையையும் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துக்கொண்டார். "இந்த மீட்டர் இன்னும் கலிப்ரேசன் ஆகேல்லை."

"செலிப்ரேசனா சார்?"

"கலிப்ரேசன். சரிபாக்கிறது. மீட்டர் சொல்லுறது சரியோ எண்டு முதல்லே மீட்டரை அளக்க வேணும். அதுக்கு ஒரு தர நீர் இருக்குது. இங்கிலாந்திலேயிருந்து வரும். அதிலே கரைஞ்சது சரியா ஐந்நூறு. குச்சியை அதிலே முக்கி, முள்ளைத் திருகி ஐந்நூறிலே நிப்பாட்ட வேணும். பிறகுதான் மற்றத் தண்ணியளைத் தொடலாம்."

"அந்தத் தண்ணி எப்ப சார் வரும்?"

"வந்திட்டுது. பதினாலு மாதமா உங்கட துறைமுகத்திலேதான் நிக்குது."

நாகையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலாம் கிடங்கில் மூலையில் கிடக்கிற மரப்பெட்டி! அவர் கையால் வின்ச்சில் இறக்கிய பெட்டி.

"சார், அது இருக்கிற எடம் எனக்குத் தெரியும் சார். நாளைக்கே..."

"தெரிஞ்சால் போதுமோ? உள்ளே இருக்கிற திரவம் கெடுதல் இல்லாதது எண்டு தகுதியான ஆபீஸ் ஒண்டு அளந்து சான்றிதழ் குடுத்தால்தான் கஸ்டம்ஸ் விடுவினம்."

"எந்த ஆபீஸ் சார்?"

"இந்த ஆபீஸ்தான்."

"அப்ப கொடுத்துடலாமே சார்."

சண்முகரத்தினம் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். "எதாலே அளக்கிறது? மீட்டர்தான் இன்னும் கலிப்ரேசன் ஆகேல்லையே."

போத்தலில் வந்த தண்ணீரை ஆபீஸ் சோதிக்காது, ஆபீஸ் நேரில் வந்துதான் அளக்கும். கடிதத்தில் கொண்டுவரச் சொன்னது கொண்டுவருகிறார்களா என்று பார்க்கத்தான் என்று விளக்கம் வந்தது. வேலாயுதம் அந்தப் போத்தலை வாங்கி அலமாரி மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு நாகையா நான்கு தடவை லீவு போட்டு பஸ் ஏறினார். ஒரு தடவை சண்முகரத்தினம் மீட்டிங். ஒரு தடவை மீட்டிங்கில் பேசியதை எழுதும் மீட்டிங். இன்னொரு தடவை, மீட்டரின் கண்ணாடிப் பெட்டிச் சாவி தொலைந்து, புதுச்சாவி செய்யப் பழைய சாவியைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போயிருந்தது. நான்காவது தடவை போனபோது விண்ணப்பப் பாரத்தில் 'தண்ணீரின் பிறந்த தேதி' என்று ஒரு கட்டம் புதிதாக வந்திருந்தது. நாகையா யோசித்து யோசித்து, கிணறு வெட்டிய வருஷத்தைப் போட்டார்.

ஐந்தாம் தடவை போனபோது மாடிப்படி முழுக்கக் கலர்க் காகிதம். மேலே பெரிய துணியில் மலாயில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கறிபாப் பலகாரமும் ரோஸ் சர்பத்தும் அடுக்கியிருந்தது.

"என்னண்ணே, ஆபீஸ்ல கல்யாணமா?"

"கலிப்ரேசன்லா," என்றார் வேலாயுதம். புதுச்சட்டை போட்டிருந்தார். "தலைமை ஆபீஸ் டைரக்டர் வராரு. தேதி கொடுத்துட்டாரு. தேதி கொடுத்த பின்னாடி மாத்த முடியுமா? நல்ல வேளை வந்தீங்க, பொதுமக்கள்னு அஜெண்டாவுல போட்டிருக்கு, ஒருத்தரையும் காணோம். முன்னாடி போயி ஒக்காருங்க."

நாகையா பொதுமக்களாக முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பதினோரு காலி நாற்காலி.

டைரக்டர் வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். மலாய்தான், ஆனால் மெல்லப் பேசியதால் நாகையாவுக்கும் புரிந்தது.

"சென்ற ஆண்டு நம் பிரிவு ஓர் இடத்திலும் தண்ணீரை அளக்கவில்லை," என்றார் டைரக்டர். "அதே ஆண்டில் ஓர் இடத்திலும் தண்ணீரில் குறை காணப்படவில்லை. இந்தச் சாதனையை நான் மேலிடத்துக்குத் தெரிவித்தேன். அவர்கள் மகிழ்ந்தார்கள். இனி அளக்கவும் போகிறோம். அளந்தாலும் அந்தச் சாதனைக்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் ஒவ்வொருவரின் பொறுப்பு."

கைதட்டினார்கள். பொதுமக்களும் தட்டினார்.

சரிகைத் துணி விரித்த தட்டில் மீட்டர் வந்தது. குஞ்சம் கட்டிய திருப்புளி இன்னொரு தட்டில் வந்தது. மூன்றாவது தட்டை வேலாயுதம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தார். அதில் ஓர் ஆரஞ்சு சர்பத் போத்தல். கழுத்தில் மஞ்சள் துணி முடிச்சு. வயிற்றில், சோற்றுப் பசை காய்ந்து ஓரம் சுருண்ட தாளில் ரூமி எழுத்து.

பவுனம்மாள் போட்ட முடிச்சு நாகையாவுக்குத் தெரியாதா? வெடுக்கென்று எழுந்துவிட்டார்.

"சார்! அது எங்க தண்ணி சார்!"

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். சண்முகரத்தினம் எழுந்து, இது நம்முடைய தண்ணீர் என்று பொதுமக்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என மலாயில் சொன்னார். டைரக்டர் நெஞ்சில் கைவைத்து நாகையாவுக்குத் தலை தாழ்த்தினார். முடிச்சை அவிழ்த்தார்கள், கிண்ணத்தில் ஊற்றினார்கள், குச்சியை முக்கினார்கள். முள் பாய்ந்து எங்கேயோ போய் ஆயிரத்து எண்ணூறில் நின்றது.

"அடேயப்பா, மீட்டர் எவ்வளவு கெட்டுப்போய்க் கிடந்திருக்கிறது!" என்றார் டைரக்டர். குஞ்சம் கட்டிய திருப்புளியை எடுத்து, முள் இறங்கி ஐந்நூறுக்கு வரும்வரை திருகினார். மறுபடி கைதட்டல். சான்றிதழில் டைரக்டர் கையெழுத்திட்டு, மூன்று முத்திரைச் சாப்பு குத்தினார்கள்.

கறிபாப் தீர்ந்து கூட்டம் கலைந்ததும் நாகையா வேலாயுதத்தை மூலைக்கு இழுத்தார். "அண்ணே, அது நான் கொண்டாந்த போத்தல்ணே."

வேலாயுதத்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சத்தம் போடாதீங்கண்ணே. தொறமொகத்துப் பெட்டி வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு, அலமாரியில மூத்து ஆயர்னு எழுதின போத்தல் இருக்கும் எடுத்தான்னாரு சாரு. எழுதியிருந்துச்சு, எடுத்தேன். தர நீருன்னா அதான?"

இரண்டு பேருமாகச் சண்முகரத்தினத்திடம் போனார்கள். கேட்டதும் அவர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், ஓய்வுக்கு இன்னும் எத்தனை தாள் என்று எண்ணியிருப்பார். பிறகு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"நாகையா, நிதானமா யோசிச்சுப் பாருங்கோ. சான்றிதழிலே என்ன எழுதியிருக்குது? தர நீராலே சரிபாத்தது எண்டு. யார் கையெழுத்து? டைரக்டர். டைரக்டர் கையெழுத்திட்டது பிழையோ?"

"பிழைன்னு சொல்லல சார், ஆனா..."

"பிழை இல்லை. அப்ப கிண்ணத்திலே இருந்தது தர நீர்தான். அது எங்கையிருந்து வந்தது? உங்கட கிணத்திலேயிருந்து. அப்ப உங்கட கிணத்துத் தண்ணி?" அவர் கையை விரித்தார். "நீங்கள் புகார் செய்ய வந்தனீங்கள். நான் உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டிக் கிடக்குது."

மறு வாரம் ஜீப் வந்தது. மனுப் போட்டால் அளந்துதானே ஆக வேண்டும், சட்டம் சட்டம்தான். பன்னிரண்டு கதவே கிணற்றைச் சுற்றி நின்றது. பவுனம்மாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து வாளியின் மேல் உட்கார்ந்தாள். சண்முகரத்தினம் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒயரை இறக்கி, குச்சியை முக்கினார். முள் துள்ளவில்லை, தயங்கவில்லை. நேராகப் போய் ஐந்நூறில் நின்றது.

"இருபத்தேழு வருச சர்வீசிலே," சண்முகரத்தினம் கையுறையோடு கிணற்றைக் கும்பிட்டார், "இப்பிடி ஒரு ஒழுக்கமான தண்ணி நான் பாக்கேல்லை. ஒண்டு கூட இல்லை, ஒண்டு குறைய இல்லை."

"சார், எங்க தண்ணிய வச்சே எங்க தண்ணிய அளந்தா வேற என்னா சார் காட்டும்?" என்றார் நாகையா. "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார். உப்பு சார். நாக்கு சொல்லுது."

"உங்கட நாக்கைக் கலிப்ரேட் பண்ணினது ஆர்?"

பன்னிரண்டு கதவும் பக்கிரிசாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் இருமினார்.

"அப்ப நீங்களாச்சும் குடிங்க சார்," என்று பவுனம்மாள் செம்பை நீட்டினாள்.

"அளக்கிறவன் குடிக்கக் கூடாதம்மா. பாரபட்சம் வந்திடும்." ஜீப்பில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து அவர் தண்ணீர் குடித்தார்.

போகிற வழியில் சும்மா போகாமல், சீனன் கடை வாசல் பைப்பையும் அளந்தார்கள். பதினேழு. சண்முகரத்தினம் இரண்டாவது தடவை முக்கினார். பதினேழு. கிள்ளானில் நான்கு இடம், ஷா ஆலமில் இரண்டு, கோலாலம்பூரில் அவர்கள் ஆபீஸ் பைப், எல்லாம் பதினேழு. ஐந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு! தண்ணீரைச் சுத்திகரிக்கிற நிலையத்துக்குக் காரசாரமான கடிதம் போனது: உங்கள் தண்ணீரில் திடப்பொருள் மோசமாகக் குறைகிறது, மக்களுக்குச் சேர வேண்டியது எங்கே போகிறது?

நகராட்சியிலிருந்து பன்னிரண்டு கதவுக்கும் கடிதம் வந்தது. பைப் இல்லை. தரமான கிணறு உள்ளவர்களுக்குத் தரம் குறைந்த பைப் தண்ணீரைக் கொடுப்பது முறையாகாது. அதோடு, கிணறு இன்று முதல் 'மாதிரிக் கிணறு'. ஒரு பலகையும் நட்டார்கள். மாதா மாதம் இங்கிருந்துதான் தர நீர் எடுக்கப்படும். இறைக்காமல் விட்டால் தண்ணீரின் குணம் மாறிவிடும் என்பதால், குடியிருப்பவர்கள் தினமும் தவறாமல் இறைத்துக் குடித்து ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத குடும்பத்தின் பெயர் குறிக்கப்படும்.

பெயர் குறிப்பதற்கென்று ஓர் ஆளையும் போட்டிருந்தார்கள். பக்கிரிசாமியைத்தான். அவருக்கு ஒரு நோட்டும் தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பி போட்ட நாளிலிருந்து மனிதர் முடி வெட்டும்போதுகூடக் கேட்க ஆரம்பித்தார், இன்றைக்கு எத்தனை செம்பு குடித்தாய் என்று.

நாகையா ஒருநாளும் ஒத்துழைக்கவில்லை. விடிந்ததும் இரண்டு தகர டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சீனன் கடைக்குப் போய் பவுனம்மாளுக்கு மட்டும் பைப் தண்ணீர் பிடித்து வந்தார். மூன்று வாரம். பிறகு சீனன் கை விரித்தான். கடை வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டார்கள்: 'இங்கே தரக்குறைவான நீர்'. கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும்.

"பாவம்தான் அண்ணே, என்னா செய்ய," என்றான் சீனன். அவனே பலகைக்குப் பின்னால் நின்று அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் நாகையா ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். மீட்டருக்கு வேண்டியது ஆயிரத்துக்கு மேலேதானே? கொடுத்துவிட்டால் போகிறது. துறைமுகத்தில் கருவாட்டுக்கு வந்து, சாக்கு கிழிந்து கிடந்த கல்லுப்பு இரண்டு மூட்டையைச் சொல்லி வாங்கினார். பன்னிரண்டு கதவும் கூடிப் பேசியது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், ஜீப் வந்து அளந்துவிட்டால் அப்புறம் விடிவு என்று ஒத்துக்கொண்டது. பக்கிரிசாமி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். கொட்டினார்கள்.

அந்த வாரம் பன்னிரண்டு கதவில் சமைத்தவர்கள் யாரும் குழம்புக்கு உப்புப் போடவில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. பவுனம்மாள் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து போல நாலு வாயில் குடித்தாள். "பைப்பு வந்ததும் மொத செம்பு எனக்குத்தான், சொல்லிட்டேன்," என்றாள் எல்லோரிடமும்.

ஜீப் வந்தது. நாகையா ஒதுங்கி நின்று முள்ளையே பார்த்தார். சண்முகரத்தினம் முள்ளிடம் போகவில்லை. முதலில் வேலாயுதத்தைக் கூப்பிட்டார்.

"மாதாந்தக் கலிப்ரேசன். தர நீர் எடு."

வேலாயுதம் கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். கிண்ணத்தில் ஊற்றினார். சண்முகரத்தினம் குச்சியை முக்கி, முள் எங்கேயோ ஓடியதைப் பார்த்து 'ச்சு' கொட்டி, திருப்புளியால் திருகி ஐந்நூறுக்கு இறக்கினார். பிறகு அதே குச்சியைக் கிணற்றில் விட்டார்.

ஐந்நூறு.

"பாத்தீரோ நாகையா? மாதம் போனாலும் மாறாத தண்ணி!"

நாகையா கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் அளந்ததில் கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் எல்லா பைப்பும் பதினேழிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. இரண்டு மூட்டை உப்பு விழுந்தது பன்னிரண்டு கதவுக் கிணற்றில். தண்ணீர் கெட்டது ஊர் முழுக்க. சுத்திகரிப்பு நிலையத்து மேலாளரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பேச்சு. பதினொன்றுக்கு விட்ட மனுஷனுக்கு அது வேண்டியதுதான் என்று இலையை மடித்தவர்களும் உண்டு.

கிணற்றில் போட்ட உப்பை எடுக்க வழி இருக்கிறதா? இறைத்து இறைத்து ஊற்றினார்கள். இறைப்பது அதிகமானதால் ஒத்துழைப்பு அதிகம் என்று பன்னிரண்டு கதவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பவுனம்மாளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே சீன டாக்டர். கல்லை எடுத்தார், கூடவே ஒரு கிட்னியையும் எடுத்தார். வெளியே வந்து நாகையாவின் முன்னால் நின்று, இந்தத் தடவை விரல் எதையும் நீட்டவில்லை. தண்ணீரை மாற்றினாயா என்று கேட்டார், அவ்வளவுதான். கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார் நாகையா. மாதுளை விதை அளவு, மஞ்சளாய், முள்ளு முள்ளாய். டாக்டர் அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு நேராக பிரிக்பீல்ட்ஸ். வேலாயுதம் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நாகையா கல்லைச் சண்முகரத்தினத்தின் மேசையில், மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன இது?"

"எங்க தண்ணியில இருந்தது சார். என் சம்சாரத்து வயித்துல அளந்து எடுத்தது."

சண்முகரத்தினம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு கணம் அவர் கை மீட்டர் பெட்டியிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. நாகையாவுக்கே பாவமாக இருந்தது. ஆள் இப்போது ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தார்.

"இது கரைஞ்சதோ, கரையாததோ?"

"கல்லு சார்."

"கரையாதது." சண்முகரத்தினம் மூச்சு விட்டார். கை பெட்டிக்குத் திரும்பிப் போனது. "எங்கட பிரிவு கரைஞ்ச திடப்பொருளுக்கு மட்டும்தான் நாகையா. கரையாத திடப்பொருளுக்குத் தனிப் பிரிவு. அது இன்னும் திறக்கேல்லை. திறந்தால் கட்டாயம் உங்களுக்குக் கடிதம் வரும்."

மேசை ஓரத்தில் சண்முகரத்தினத்துக்கென்று மூடி வைத்திருந்த கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். ஆபீஸ் பைப் தண்ணீர்தான், கொதிக்க வைத்து ஆற்றியது. நாகையா அதை எடுத்தார். கைப்பையில் இருந்த காலிப் போத்தலில் சிந்தாமல் ஊற்ற ஆரம்பித்தார்.

"ஐசே, என்ன செய்யிறீங்கள்? அது பதினொண்டு! அதைக் கொண்டுபோய் ஒரு நோயாளிக்குக் குடுக்கப் போறீங்களோ?"

"ஆமா சார்."

சண்முகரத்தினம் தடுக்கவில்லை. அவருக்கும் மனசாட்சி இருந்தது. ஒரு பாரத்தை எடுத்து, தரக்குறைவான நீரைத் தன் சொந்தப் பொறுப்பில், ஆபீஸின் அறிவுரையை மீறி எடுத்துச் செல்கிறார் என்று தன் கையாலேயே எழுதி நீட்டினார். நாகையா கையெழுத்துப் போட்டார். வேலாயுதம் சாப்பு குத்தினார். குத்தும்போது அவர் கண்ணைத் துடைத்தது தூசி விழுந்ததால் என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டார்.

கிள்ளான் பஸ்ஸில் நாகையா போத்தலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. பவுனம்மாள் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. நாகையா தம்ளரில் ஊற்றி, அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, உதட்டில் வைத்தார்.

"பைப்புத் தண்ணி பவுனு. மொத செம்பு உனக்குத்தான்."

அவள் ஆவலாக ஒரு வாய் இழுத்தாள். வாயிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"என்னங்க இது," என்றாள், தம்ளரைத் தள்ளிவிட்டு. "சப்புன்னு இருக்கு. எப்படித்தான் குடிக்கிறாங்களோ! நாளைக்கு வரும்போது நம்ம தண்ணியே ஒரு போத்தல் கொண்டாங்க."